கைராசிக் கணக்கு

17 ஜூன் 2024, திங்கள்

கல்லூரி திறந்தது. வலி 7.

மூன்று வகுப்புகள் நின்றேன். நான்காவதில் மேசையில் சாய்ந்துகொண்டு நிகழ்தகவு நடத்தினேன். என் முதுகைப் பற்றி மாணவிகளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் ஆபீஸ் கலையரசி மேலே வந்தாள். பொங்கலிலிருந்து அவளுக்கு இடுப்பில் தொடங்கி இடது காலுக்கு இறங்கும் வலி. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது, ஆனால் அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். இவள் நான்கு மாதமாக யோசிக்கிறாள்.

கைப்பேசியை நீட்டினாள். "இந்த வீடியோ பாருங்க மேடம். ஓரிக்கைல புதுசா வந்துக்கிறாரு. கைரோபிராக்டராம், கையாலயே முதுகெலும்ப நிமித்துறவரு. ஒரு திருப்பு, டக்குனு சத்தம். ஆளு சிரிச்சிக்கினே எழுந்து போறான்."

"சிரிக்காதவங்க வீடியோவ யாரு போடுவாங்க கலை?"

"அதான் நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கன்றேன். உங்களுக்குச் சரியாச்சுன்னா நானும் அங்கயே போறேன். இல்லன்னா கத்திதான்."

"நான் என்ன சோதனை எலியா?"

"எலி எம்ஃபில் படிச்சிருக்குது இல்ல."

சிரித்துவிட்டேன். சிரித்தால் முதுகில் குத்தும், குத்தியது.

இரண்டரை வருடத்துக்கு முன் வாலாஜாபாத் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையைப் பார்த்து டிரைவர் பிரேக் போடவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன். அவ்வளவுதான் விபத்து. முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியது, ஆறு மாதத்தில் கூடியும்விட்டது. எலும்பு கூடியபின் வலி ஏன் இருக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பார்த்தவர் "பழகிக்கோங்க" என்றார். தினமும் இந்த நோட்டில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதுகிறேன். பழகியது அது ஒன்றுதான்.

22 ஜூன், சனி

போனேன். வலி 8. வீட்டில் இவரிடம் சொல்லவில்லை, ஓரிக்கையில் ஒரு வேலை என்று மட்டும் சொன்னேன். 

மாடியில் ஓர் அறை. எனக்கு முன் சத்யராஜ் என்று ஒருவர், பட்டுக்கடை விற்பனையாளர். நாள் முழுக்க மெத்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்து புடவை விரித்து இடுப்பு போய்விட்டது என்றார். "இருநூறு புடவைய விரிச்சி மடிக்கிறேன்மா. ஒண்ணு எடுத்துக்கினு போறவங்களுக்கு வலிக்கிறது இல்ல."

கைரோபிராக்டர் பிரேம்நாத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிசியோதெரபி படித்துவிட்டு இதைத் தனியாகக் கற்றிருக்கிறார். அலட்டலான ஆளாக இருப்பார் என்று நினைத்துப் போனேன், அப்படியில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நசுங்கின எலும்பு மேல அழுத்த மாட்டேன் மேடம். கழுத்துலயும் கை வைக்க மாட்டேன்." குப்புறப் படுக்க வைத்தார். மேசையின் ஒரு பகுதி பொசுக்கென்று ஒரு விரற்கடை கீழே இறங்கியது. சத்தம் வந்தது. அது என் எலும்பின் சத்தமா மேசையின் சத்தமா?

வலிக்கிற இடத்தைக் கேட்காமலே அவர் கை அங்கே போய் நின்றது. இரண்டரை வருடத்தில் இதுதான் முதல் முறை.

மொத்தமாகப் பத்து முறை வாருங்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. "வலி கூடுற அன்னிக்கு போன் பண்ணிட்டு வாங்க. அது போதும்." அந்த நாணயம் பிடித்திருந்தது.

23 ஜூன், ஞாயிறு

8. எதிர்பார்த்ததுதான்.

6 ஜூலை, சனி

8. இதுவரை மூன்று முறை போய்விட்டேன். "ஏறித்தான் மேடம் இறங்கும். உடம்பு கொஞ்சம் பழகணும்" என்கிறார் பிரேம்நாத். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி என்று சொல்லும் எந்தக் கோட்பாட்டையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் போகிறேன்.

இவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. இவருடைய சாயப்பட்டறையில் புதுச்சாயம் கரைத்தால் முதல் பட்டுநூல் கழியை அங்கே வேலை செய்யும் சிட்டிபாபுதான் முக்க வேண்டும். வேறு யார் முக்கினாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்று இருபது வருட நம்பிக்கை. "எல்லாம் கைராசிம்மா. அந்தப் பையனுக்குக் கைராசி இருக்குதான்னு மட்டும் பாரு" என்றார். 

20 ஜூலை, சனி

5. தவறாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி எழுந்து நின்று பார்த்தேன். 5தான்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

4. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூக்கோடு நானே நடந்து போய் வாங்கி வந்தேன். வரிசையில் நின்றபோது முதுகு ஞாபகமே இல்லை, வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது.

15 ஆகஸ்ட், வியாழன்

கொடியேற்றம். ஐம்பது நிமிடம் நின்றேன். கல்லூரி முதல்வர் பேச்சு உட்பட.

மிட்டாய் டப்பாவோடு கலையரசி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாத்துக்கினேதான் இருந்தேன் மேடம். சாயவே இல்ல நீங்க." பிறகு மெதுவாக, "அப்ப நான் போலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜூன் 22இலிருந்து நேற்றுவரை தினசரி எண்கள். பிரேம்நாத்திடம் போன நாட்களுக்குச் சிவப்பு அம்பு. முதல் நான்கு வாரம் கோடு மேலேதான். அதன்பின் இறக்கம். ஒவ்வொரு அம்புக்குப் பின்னும் ஒரு சின்ன சரிவு. வாய்ப்பேச்சை விட இது நேர்மையானது என்று நினைத்தேன். பார்க்க அழகாகவும் இருந்தது. 

16 ஆகஸ்ட், வெள்ளி

தாளைக் கொடுத்தேன். "போகலாம் கலை" என்றேன்.

2 செப்டம்பர், திங்கள்

சனிக்கிழமையிலிருந்து கலையரசி போகத் தொடங்கிவிட்டாள். செங்கல்பட்டுக்குப் போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் கணவன் மணிவண்ணன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறவர், என் தாளைப் பார்த்துவிட்டு "இவங்க இவ்ளோ சுத்தமா எழுதிக்கிறாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

எனக்கு 4.

9 செப்டம்பர், திங்கள்

ஆபீஸ் ஜன்னலில் கலையரசி. "ஏறிக்கினுதான் இருக்குது மேடம். பரவால்ல. உங்களுக்கும் ஏறித்தான எறங்குச்சு."

12 செப்டம்பர், வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. சராசரியை நோக்கிய திரும்பல். பத்தொன்பது வருடமாக ஒரே உதாரணம்தான்: முதல் தேர்வில் மிகக் குறைவாக வாங்கிய பத்துப் பேர் அடுத்த தேர்வில் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். திட்டினாலும் வாங்குவார்கள், திட்டாவிட்டாலும் வாங்குவார்கள். ஓரத்துக்குப் போனது அங்கேயே நிற்காது, நடுப்பக்கம் திரும்பும். திட்டிய ஆசிரியர்தான் தன்னால் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசி வரிசையில் அனு எழுந்தாள். "மேம், ஜுரம் ரொம்ப ஏறினாதான நம்ம டாக்டர்கிட்ட போறோம். மறுநாள் அது தானா எறங்கினாகூட, அவரு கைராசிக்காரருன்னுதான சொல்வோம்?"

வகுப்பே சிரித்தது. மிகச் சரி என்று நானும் சிரித்தேன். பலகையில் 'கைராசி' என்று எழுதி அடிக்கோடு போடப் போனேன். 

போடவில்லை. மணி அடித்தது.

14 செப்டம்பர், சனி

காலையிலிருந்து நோட்டுகளோடுதான்.

பதினொரு முறை பிரேம்நாத்திடம் போயிருக்கிறேன். பதினொன்றும் அந்தந்த வாரத்தின் மிக மோசமான நாள். வேறெப்படி இருக்கும்? வலி கூடினால் போன் செய்யுங்கள் என்பதுதானே ஏற்பாடு. நாணயம் என்று அதைப் பாராட்டினேனே.

போன வருட நோட்டை எடுத்தேன். அதிலும் ஒவ்வொரு வாரத்தின் மோசமான நாளையும் குறித்தேன். அப்போது பிரேம்நாத் இல்லை, யாருமே இல்லை. இரண்டு நாள் கழித்து எண் இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய அதே அளவு.

ஜூலைக்குப் பின் வந்த பெரிய இறக்கம்? அதுவும் போன வருடம் இருக்கிறது. விடுமுறை முடிந்து நிற்கத் தொடங்கும்போது ஏறுகிறது, ஆகஸ்டில் தணிகிறது.

பிரேம்நாத்தால் எனக்குக் குறையவில்லை என்று இது காட்டவில்லை. குறைந்தது என்று நான் கொடுத்த தாளும் எதையும் காட்டவில்லை. கலையரசிக்கு இந்த இரண்டாவது வாக்கியம் போதும். திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

முதலாண்டுப் பெண்கூடச் செய்யாத தவறு. இல்லை, முதலாண்டுப் பெண் கிராஃப் போட்டிருக்கமாட்டாள். போகலாமா என்றால் "தெரியலக்கா" என்றிருப்பாள்.

16 செப்டம்பர், திங்கள்

ஆபீஸில் தேர்வு விண்ணப்பக் கூட்டம். பேச முடியவில்லை. வலி 5.

18 செப்டம்பர், புதன்

இன்றும் முடியவில்லை, ஆபீஸில் முதல்வர் இருந்தார்.

20 செப்டம்பர், வெள்ளி

யாரும் இல்லை. கலையரசி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சை சாதம் எடுத்து நீட்டினாள், வாங்கிச் சாப்பிட்டேன். "எப்படி இருக்கு?" என்றேன். "இருக்குது மேடம்" என்றாள். வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

என்னத்துக்கு இந்தக் கௌரவம்? 'நான் தப்பாச் சொல்லிட்டேன் கலை.' இவ்வளவுதானே. சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? சொன்னா என்ன நினைப்பா — இவங்களுக்கே தெரியலையேன்னு நினைப்பா. நினைக்கட்டுமே.

நாளை பிரேம்நாத்திடம் அவளுக்கு அடுத்த முறை.

24 செப்டம்பர், செவ்வாய்

வலி எவ்வளவு என்று பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்குக் கோப்போடு கலையரசி மாடிக்கு வந்தாள். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்கால்.

"செருப்பு எங்க கலை?"

குனிந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தேன், படிக்கட்டின் நடுவில் கிடந்தது. "கழண்டதே தெரியல மேடம்" என்று சிரித்தாள்.

டாக்டர்கள் என்னைச் சோதித்த மாதிரியே, நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்கச் சொன்னேன். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் எழவில்லை. அவள் முகம் சுருங்கும் அளவுக்கு முயன்றாள், எழவில்லை.

"எத்தன நாளா?"

"ஒரு வாரமா மரத்தாப்ல இருக்குது. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. சனிக்கிழமையோட நாலு வாரம் முடியுது இல்ல மேடம், அப்பறம் எறங்கிடும்." கைப்பையைத் திறந்து என் தாளை எடுத்தாள். நான்காய் மடித்து மடிப்பில் நைந்திருந்தது. என் கோட்டுக்குக் கீழே பென்சிலால் அவளுடைய வாரங்களைக் குறித்திருந்தாள். என் கோடு எங்கே திரும்புகிறதோ அங்கே ஒரு சின்ன வட்டம்.

"அந்தத் தாள் தப்பு கலை."

"தப்புன்னா? நம்பர் மாத்தி எழுதிட்டீங்களா?"

"நம்பர் எல்லாம் சரி. அத வெச்சு நான் உனக்குச் சொன்னதுதான் தப்பு. எனக்கு அவராலதான் கொறஞ்சுதுன்னு சொல்லவே முடியாது. மோசமான நாளாப் பாத்துப் பாத்துப் போயிருக்கேன். தானா எறங்கியிருக்கும்."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்பத் தெரிஞ்சிது?"

"பத்து நாளாச்சு."

தாளை முன்பிருந்த அதே மடிப்பில் மடித்து என் மேசைமேல் வைத்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டறை வண்டியைக் கேட்டேன், இவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் மணிவண்ணன் ஏறிக்கொண்டார். பின்னிருக்கையில் அவர்கள் இருவரும். செங்கல்பட்டு வரும்வரை மணிவண்ணன் பேசிய வாக்கியம் ஒன்றுதான்: "நீங்க படிச்சவங்கன்னுதான்மா அவ உங்களக் கேட்டா."

இன்றே அட்மிஷன்.

25 செப்டம்பர், புதன்

ஆபரேஷன் முடிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருந்தேன், மணிவண்ணன் எதிர் பெஞ்சில்.

டாக்டர் வெளியே வந்தார். நரம்பின் அழுத்தத்தை எடுத்தாயிற்று, பாதம் திரும்புமா என்பது தெரிய ஆறு மாதம் ஆகும் என்றார். மணிவண்ணன் போனபின், பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். "முன்னாடி வந்திருந்தா நல்லதுதான். எவ்வளவு நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

வகுப்பில் நானும் இப்படித்தான் பதில் சொல்வேன். இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷி எப்படி வீட்டுக்குப் போவாள் என்று யோசித்ததில்லை.

5 அக்டோபர், சனி

பிரேம்நாத்திடம் போனேன், படுக்க அல்ல.

காத்திருக்கும் அறையின் சுவரில் என் கிராஃப். ஜெராக்ஸில் சிவப்பு அம்புகள் கறுப்பாக இருந்தன. கலையரசி முதல் நாள் காட்டியபோது பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒரு மாதமாக வருகிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையாம். "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்."

நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். "வலி கூடுதான்னு கேட்டேன், ஆமான்னாங்க. மரத்துப்போகுதான்னும் கேட்டேன். இல்ல, மேடத்துக்கும் இப்படித்தான இருந்துச்சுன்னு சுவத்தக் காட்டிச் சிரிச்சாங்க. பாதத்தத் தூக்கிக் காட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும் மேடம். சொல்லல."

அவரைத் திட்டத்தான் போனேன். முடியவில்லை. அவர் சொன்னதில் 'எனக்குத் தெரியும், சொல்லல' என்பது எனக்கும்தானே.

தாளை நானே சுவரிலிருந்து பிய்த்தேன். சத்யராஜ் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா கழட்டுறீங்க? அதப் பாத்துத்தான் தைரியமா வந்துக்கினு இருக்கேன்."

"ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். எடுக்கச் சொன்னேன். பிரேம்நாத்தும் உள்ளிருந்து "எடுத்துட்டு வாங்கண்ணே" என்றார்.

11 நவம்பர், திங்கள்

8. மழை. இரண்டு வகுப்பில் உட்கார்ந்தே நடத்தினேன்.

பிரேம்நாத்துக்குப் போன் செய்தேன், போனேன். இரண்டு நாளில் தானாக இறங்கும் என்று தெரியும். தெரிந்திருப்பதால் இன்றைய 8 ஒன்றும் 7 ஆகிவிடவில்லை. அரைமணி நேரம் அந்தக் கை முதுகில் இருந்தது. யாரும் எதுவும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இதை எந்தக் கணக்கிலும் சேர்க்கப்போவதில்லை. இந்த நோட்டில் எண் எழுதுவதையும் இன்றோடு நிறுத்துகிறேன்.

19 டிசம்பர், வியாழன்

வாலாஜாபாத்தில் கலையரசி வீடு. முன்னிருக்கையாகப் பார்த்து பஸ்ஸில் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "பெருவிரல் அசைஞ்சிது மேடம், முந்தாநேத்து" என்று காட்டினாள். அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அசைந்தது என்றேன். உடனே, "இல்ல கலை, எனக்குச் சரியாத் தெரியல, இன்னொரு தடவ காட்டு" என்றேன். காட்டினாள். அசைந்தது, கொஞ்சம்.

மணிவண்ணன் டீ வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பஸ் வந்ததும், "பின்னாடி உக்காராதீங்க" என்றார்.

20 ஜனவரி 2025, திங்கள்

கலையரசி வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. ஆபீஸை ஒட்டிய அறையிலேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல், பதினொரு மணிக்கு மதிப்பெண் பட்டியலோடு மாடி ஏறி என் அறைக்கு வந்தாள்.

கையெழுத்துப் போட்டேன். முன்பென்றால் எதிரில் உட்கார்ந்து பத்து விஷயம் கேட்பாள். பெண்ணை எந்தக் குரூப்பில் சேர்ப்பது, ஃபிரிட்ஜ் எது வாங்குவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான்.

"பிசியோ இன்னும் மூணு மாசம் போகணும் மேடம். தாம்பரத்துல ஒண்ணு நல்லா இருக்குதுன்றாங்க, செங்கல்பட்டுல ஒண்ணு இருக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.

"செங்கல்பட்டுலயே சேந்துட்டேன். ஆபரேஷன் பண்ணவருகிட்டயே கேட்டுக்கினேன்."

"நல்லது கலை."

கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அறையில் இருந்தபடியே கேட்டேன். வலது கால் ஊன்றும் சத்தம், பிறகு இடது ஷூ தட்டென்று விழும் சத்தம். படிகள் இருபத்திரண்டு. நடுவில் ஓரிடத்தில் நின்றாள், மறுபடி தொடர்ந்தாள். கடைசிப் பத்துப் படிகளில் கைப்பிடியில் வளையல் உரசும் சத்தம் இல்லை, பிடிக்காமல் இறங்கினாள் என்று நினைக்கிறேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.